வெளிப்பக்கம் திறக்கும் கேட்

ஊரில் பாதிப் பேர் மாஸ்டரிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். மீதிப் பாதி, அந்தப் பாதியிடம் இடி வாங்கியவர்கள் என்று அவர் சம்சாரம் சொல்வாள். அது சும்மா வம்புக்கு. மாஸ்டரிடம் படித்தவர்கள் லேசில் யாரையும் இடிக்க மாட்டார்கள். மனுஷன் அந்த வறு வறுத்திருப்பார். "அரை கிளட்ச்! அரை கிளட்ச்னு சொல்றேன், காதுல விழுதா இல்லையா?" என்று கத்திக் கத்தியே அவருக்கு அரை கிளட்ச் மாஸ்டர் என்று பெயர் வந்துவிட்டது. சொந்தமாக ஒரே ஒரு கார். அதன் தலையில் ஒரு போர்டு, முன்னும் பின்னும் சிவப்பில் 'L', அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக். அந்த பிரேக்கை நம்பித்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டது.

வீடு ஒரு முட்டுச் சந்தின் கடைசியில். மதில் சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் கார் நிற்க அளவெடுத்தாற்போல் இடம். காரை உள்ளே விட்டால் கேட்டை உள்பக்கம் திறக்க முடியாது, பம்பரில் இடிக்கும். அதனால் வீடு கட்டும்போதே மாஸ்டர் வெல்டரிடம் சொல்லி, கதவு இரண்டையும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்துவிட்டார். இரும்புத் தகடு அடித்த கேட். மூடிவிட்டால் உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியாது, வெளியே ஆள் நிற்பது உள்ளே தெரியாது. அப்போது சந்தில் சைக்கிளைத் தவிர வேறு எதுவும் வராது. யாருக்குத் தெரியும், பக்கத்து வீட்டை ஒரு டாக்டரம்மா வாங்கப் போகிறாள் என்று?

அந்தம்மா ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பிசியோதெரபி. இடுப்பு பிடித்தவர், முட்டி மாற்றியவர், கை தூக்க வராதவர், இவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தந்து, முதுகில் ஒயரை ஒட்டிக் கரண்ட் வைத்து அனுப்புவாள். கைராசி என்றால் அப்படியொரு கைராசி. காலையில் ஆரம்பித்தால் இருட்டுகிற வரைக்கும் கார் மேல் கார். அவள் வாசலில் இரண்டு கார் நிற்கும். மூன்றாவது எங்கே நிற்கும்? மாஸ்டரின் கேட்டை உரசிக்கொண்டு நிற்கும்.

இதற்கு என்ன செய்வீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம். கத்தலாம் என்றால் யாரைக் கத்துவது? கார் கதவைத் திறந்துகொண்டு, இரண்டு பேர் தோளைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பெரியவர் இறங்குகிறார். அவரிடம் போய், "வண்டியைத் தெருமுனையில விட்டுட்டு நடந்து வாங்க"ன்னு எந்த வாயால் சொல்வது? மாஸ்டர் வேகமாக வெளியே வருவார். அந்தப் பெரியவரைப் பார்ப்பார். கோபம் தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிடும். "பார்த்து, பார்த்து, படி இருக்கு" என்று கையைப் பிடித்து உள்ளே விட்டுவிட்டுத் திரும்பி வருவார். திரும்பி வந்து சம்சாரத்தைக் கத்துவார்.

'வாசலில் வண்டி நிறுத்தாதீர்கள்' என்று போர்டு மாட்டினார். ஒருத்தர் ரிவர்ஸ் எடுக்கும்போது அது வளைந்து 'நிறுத்தாதீ' என்பதோடு மடங்கிக்கொண்டது. பூந்தொட்டிகளை வரிசையாக வைத்தார். நோயாளிகள் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று யாரோ ஒரு புண்ணியவான் அதையெல்லாம் அலுங்காமல் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனான். போக்குவரத்து ஆபீசில் போய்ச் சொன்னார். அங்கிருந்த அதிகாரி கவனமாகக் கேட்டுக்கொண்டார். எந்தச் சந்து, எந்த டாக்டர் என்று விசாரித்தார். அடுத்த வாரம் அவரே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். வண்டியை எங்கே நிறுத்தினார் என்று நான் சொல்லவே வேண்டாம்.

சரி, டாக்டரம்மாவிடமே சண்டை போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மாஸ்டரின் சம்சாரத்துக்குத் தோள்பட்டை இறுகிப்போய், தலை சீவக்கூடக் கை எழும்பாமல் இருந்தது. டாக்டரம்மா தினமும் வேலை முடிந்ததும் வந்து, சோபாவில் உட்காரவைத்து, கையைப் பிடித்து மெல்ல மெல்லத் தூக்கிப் பழக்கினாள். இப்போது அந்தக் கை மேல் அலமாரி டப்பாவை எடுக்கிறது. அந்தம்மாவிடம் போய் என்னத்தைச் சண்டை போட? அவளோ, இவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், "ஐயோ சாரி மாஸ்டர், இதோ எடுக்கச் சொல்றேன்" என்று ஓடி வருவாள். திமிராகப் பேசுகிறவளாக இருந்தால் ஒரு கை பார்த்துவிடலாம். நல்லவளாகப் போய்விட்டாளே!

இத்தனையையும் மாஸ்டர் மென்று முழுங்கிக்கொண்டுதான் இருந்தார். அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் தன் வாசல் தனக்கு வேண்டும் என்று நினைத்தார். மகள் வருவதாக இருந்தாள்.

மகள் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பெண். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பேர். போகிற வழியில் அவளைக் கல்லூரியில் இறக்கிவிட, பாடம் நடக்கும்போதே காரின் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போவார் மாஸ்டர். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருத்தன், கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியைப் பார்க்கச் சொன்னால் பாப்பாவைப் பார்த்தான். பாப்பாவும் பார்த்தாள். மாஸ்டர் மட்டும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் வண்டியில, என் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு!" என்றுதான் பிற்பாடு புலம்பினார். பையன் நல்ல பையன்தான். இவரிடம் வந்து கேட்டிருந்தால் கொஞ்சம் குதித்துவிட்டுச் சரி என்றிருப்பார். கேட்கப் பயந்துகொண்டு, ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் ஆசீர்வாதம் வாங்க இரண்டு பேரும் காரில் வந்தார்கள். அன்றைக்கும் டாக்டரம்மாவிடம் வந்த யாரோ ஒருத்தர் வண்டி கேட்டை ஒட்டி நின்றிருந்தது. மாஸ்டர் கேட்டின் தாழ்ப்பாளை உள்பக்கம் போட்டுவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். சம்சாரத்தையும் எழுந்திருக்க விடவில்லை. வெளியே கொஞ்ச நேரம் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் போய்விட்டது.

மூன்று வருஷமாகிறது. தாயும் மகளும் போனில் பேசிக்கொள்வார்கள். மாஸ்டர் பேச மாட்டார். பேச மாட்டார் என்றால், போன் வரும்போதெல்லாம் அதே அறையில் ஏதாவது ஒரு சாமானைத் தேடிக்கொண்டிருப்பார். கோபம் எப்போதோ வடிந்துவிட்டது. வடிந்ததை எப்படிச் சொல்வது என்பதுதான் மனுஷனுக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் போனை வைத்துவிட்டு வந்த சம்சாரத்தின் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"என்னங்க, மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுல வேலையாம். வீட்டைக் காலி பண்ணிட்டாங்களாம். சனிக்கிழமை சாயங்காலம் ஃபிளைட்டு."

மாஸ்டர் செருப்பைத் தேடுவதை நிறுத்தினார்.

"போற வழியில காலையில நம்ம வாசலுக்கு வராளாம். கேட்டைத் திறந்து வச்சிருந்தா உள்ள வருவாளாம். மூடியிருந்தா, அப்பாவுக்கு இன்னும் மனசு ஆறலைன்னு நெனச்சு, அப்படியே போயிடுவாளாம். ஹாரன் அடிக்க மாட்டேன், போனும் பண்ண மாட்டேன், அப்பாவைச் சங்கடப்படுத்த வேணாம்னு சொல்றா. இனி எப்ப வருவாங்களோ தெரியாதுங்க."

"திறந்து வைக்கறதுக்கு என்ன?" என்றார் மாஸ்டர். "கேட்டுதானே? திறந்து வச்சாப் போச்சு."

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வீட்டு வரவேற்பறையில், முட்டிக்குக் கட்டுப்போட்டவர்களுக்கு நடுவில் வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் உள்ளே போய்ச் சொன்னார். டாக்டரம்மா கண் கலங்கிவிட்டாள். "என்ன மாஸ்டர், இதைக் கேக்கணுமா? சனிக்கிழமை உங்க வாசல்ல ஒரு வண்டி நிக்காது, நான் கேரண்டி" என்றாள். சொன்னபடியே வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். சனிக்கிழமை காலையில் தன் வீட்டு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து மாஸ்டரின் கேட்டுக்கு முன்னால் நடுவாகப் போட்டும் வைத்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாஸ்டர் விடிந்ததும் விடியாததுமாக L போர்டு காரை எடுத்துத் தெருமுனைக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தார். மகள் வண்டி உள்ளே வந்து நிற்கட்டும் என்று. கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்து, காற்றில் ஆடாமல் செங்கல் வைத்தார். சமையலறையில் சம்சாரம் மகளுக்குப் பிடித்ததையெல்லாம் செய்துகொண்டிருந்தாள். மிக்சி ஒரு பக்கம், குக்கர் ஒரு பக்கம், புகையை இழுக்கிற ஃபேன் ஒரு பக்கம். மாஸ்டர் வாசலிலேயே நின்றார். ஒரு கார் சந்தில் நுழைந்தால் போதும், கழுத்து நீளும்.

அப்போது ஒரு வேன் வந்தது. சக்கர நாற்காலியோடு ஒரு பாட்டியம்மாவை இறக்கிவிட்டது. இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். மாஸ்டரின் கேட் கதவு இரண்டும் சந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. அதற்கு மேல் அந்த நாற்காலி வேறு.

"சார், ஒரு நிமிஷம் மூடிக்கிட்டீங்கன்னா திருப்பிக்குவேன்" என்றான் வேன் டிரைவர்.

தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறதே! எவனாவது வண்டியைத் திருப்பத் திணறினால் மாஸ்டருக்கு நிற்க முடியாது. கேட்டை மூடினார். நாற்காலியை எடுத்து ஓரம் வைத்தார். "ஒடி, ஒடி, ஒடி... போதும். இப்ப நேராக்கு. வா, வா, வா" என்று கையைக் காட்டி, வேனை அலுங்காமல் திருப்பி அனுப்பிவைத்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாற்காலியை மறுபடி நடுவில் போட்டார். மகள் வரும் நேரத்தில் வேர்வை நாற்றத்தோடு நிற்பதா என்று தோன்ற, திரும்பி வந்து திறந்துகொள்ளலாம் என்று கதவு இடுக்கு வழியாக உள்ளே போய், முகத்தைக் கழுவி, வேறு சட்டை தேடினார். பாப்பா எடுத்துக் கொடுத்த நீலச் சட்டை ஒன்று அடியில் இருந்தது. பொத்தான் போட்டுக்கொண்டே வந்து கேட்டைத் தள்ளினார்.

டங் என்றது. ஒரு ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைகிற அளவுக்கு மேல் நகரவில்லை.

எக்கிக்கொண்டு வெளியே வந்து பார்த்தால், கேட்டை ஒட்டி ஒரு வெள்ளைக் கார். நாற்காலியைக் காணோம். மாஸ்டருக்கு அந்தக் கார் யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவரிடம் படித்த பேங்க் மேடம். நாற்பது வயசுக்கு மேல் கற்றுக்கொள்ள வந்து, சொன்னதை அப்படியே மனப்பாடம் செய்து ஓட்டுகிற மாணவி. டாக்டரம்மாவிடம் அன்றுதான் முதல் தடவை. வாசலில் வண்டி விடக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மாஸ்டர் டாக்டரம்மா வீட்டுக்குள் பாய்ந்தார். உள்ளே மேடத்தின் மாமியார் கவிழ்ந்து படுத்திருந்தார், இடுப்பெல்லாம் ஒயர். பக்கத்தில் அந்த நாற்காலி.

"காரைவிட்டு இறங்கினதும் கால் நிக்கல தம்பி. நல்ல வேளையா யாரோ வாசல்ல நாற்காலி போட்டு வச்சிருந்தாங்க. மகராசனா இருக்கட்டும். அதுல உக்காத்தி வச்சுத்தான் தூக்கிட்டு வந்தாங்க" என்றார் அந்தம்மா.

"மருமக எங்கம்மா?"

"இடுப்புக்கு பெல்ட்டு வாங்கிட்டு வரச் சொன்னாங்கல்ல, மருந்துக்கடைக்குப் போயிருக்கா."

நம்பர் வாங்கி அடித்தார். மணி அடிக்கிற சத்தம் வெளியே கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், போன் கார் சீட்டில் மினுக் மினுக்கென்று கிடக்கிறது. டாக்டரம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். நடக்கத் தெம்புள்ள இரண்டு நோயாளிகளும் அவளுமாகச் சேர்ந்து காரைத் தள்ளினார்கள். அசையுமா? மாஸ்டர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். கியர் ஒன்றில் கிடந்தது. ஹேண்ட் பிரேக் மேலே. சக்கரத்தை ஓரமாக ஒடித்து, ஸ்டியரிங்கைப் பூட்டி, சாவியைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறாள். இறங்கும்போது இதையெல்லாம் செய்யாதவர்களை மாஸ்டர் மறுபடி ஏறி உட்காரச் சொல்லி, முதலிலிருந்து செய்யச் சொல்வார். மேடம் ஒன்றைக்கூட விடவில்லை. அவருக்கு அவரையே அறையலாம் போலிருந்தது.

டாக்டரம்மா ஒயரோடு படுத்திருந்தவரைப் பார்க்க உள்ளே போனாள். சமையலறையில் சொன்னால் சம்சாரம் பதறிவிடுவாள் என்று சொல்லாமல், மாஸ்டர் மருந்துக்கடைக்கு ஓடினார். முனைக் கடையில் பெல்ட் இல்லையாம், அடுத்த தெருக் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்த தெருவில் மேடம் நிதானமாக, சின்னதா பெரியதா என்று பெல்ட்டை அளந்துகொண்டிருந்தாள். "மாஸ்டர்! நீங்களா? என் பார்க்கிங்கைப் பார்த்தீங்களா, ஒரு சாண்கூட இடைவெளி இல்ல" என்றாள். மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. "பார்த்தேம்மா. வாங்க, வண்டியை எடுங்க, என் பொண்ணு வரா" என்றார்.

மேடம் பாவம், விஷயம் தெரிந்ததும் பதறி ஓடி வந்து வண்டியை எடுத்தாள். மாஸ்டர் கேட்டைப் பழையபடி விரியத் திறந்தார், செங்கலை வைத்தார். வேறு வண்டி எதுவும் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. தப்பித்தோம் என்று டாக்டரம்மாவைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தார்.

அதற்கப்புறம் அவர் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. வெயில் ஏறியது. சம்சாரம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். வெள்ளைக் கார் கதையை அப்போதுதான் அவளிடம் சொன்னார். "கிளம்ப நேரமாயிருக்கும். சாமான் கட்டணும்ல" என்றாள். மதியம் தாண்டியது. அவளே போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். "வண்டி ஓட்டும்போது எடுக்கக் கூடாது. நான்தான் சொல்லியிருக்கேன்" என்றார் மாஸ்டர். செய்ததெல்லாம் மேசையில் ஆறிக்கிடந்தது. இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் போன் வந்தது. சம்சாரம் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கடி இருக்கே? காலையிலேருந்து அப்பா வாசல்லயே நிக்கறார்."

"ஏர்போர்ட்டுக்குள்ள வந்துட்டோம்மா." மகளின் குரலுக்குப் பின்னால் ஏதோ அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. "காலையிலேயே வந்தேம்மா. கேட்டு மூடியிருந்துச்சு. வாசல்ல ஒரு வெள்ளைக் கார் நின்னுச்சு. கொஞ்ச நேரம் பார்த்தோம். யாரும் வெளியே வரலை. சரின்னு வந்துட்டோம்."

மாஸ்டர் கேட் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, இல்லடி!" என்று அலறினாள் சம்சாரம். "அந்தக் கார் நின்னதாலதான் கேட்டைத் திறக்க முடியல. அந்த வண்டிக்காரியைத் தேடித்தான் அப்பா மருந்துக்கடைக்கு ஓடியிருந்தார். நீ வந்ததே அவருக்குத் தெரியாதுடி!"

 மகள் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, மூணு வருஷத்துக்கு முன்னாடியும் இதையேதானே சொன்னே? அன்னிக்கும் வாசல்ல ஒரு கார் நின்னுச்சு. அந்த வண்டிக்காரனைத் தேடி அப்பா போயிருந்தார், நான் வந்ததே அவருக்குத் தெரியாது, அப்புறம் யாரோ சொல்லித்தான் தெரிஞ்சு, நான் நிக்காம போயிட்டேன்னு கோபம்... இதே வார்த்தைம்மா."

மாஸ்டர் சம்சாரத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் போனைப் புடவையில் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

"அன்னிக்கு ராத்திரி பாப்பா போன் பண்ணி அழுதா. தாங்க முடியல. வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன்" என்றாள் கிசுகிசுப்பாக. "இப்ப நீங்களும் ஆமான்னு சொல்லிடுங்க. ரெண்டு தடவையும் தேடித்தான் போனேன்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மாஸ்டர் போனை வாங்கினார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் பேசப்போகிறார்.

"பாப்பா."

"அப்பா." அவள் குரல் சட்டென்று மாறிவிட்டது. "அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"இன்னிக்கு நெஜமாத்தாம்மா தேடிப் போனேன். சத்தியமா. விடிஞ்சதுலேருந்து திறந்துதான் வச்சிருந்தேன். நடுவுல ஒரு வேன் திரும்பணும்னு மூடினேன், அதுக்குள்ள..."

"அப்ப அன்னிக்கு?"

சம்சாரம் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். மாஸ்டருக்குப் பொய் சொல்ல வாய் வந்தது. ஆமாம்மா, அன்னிக்கும்தான் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் அன்றைக்கு நடந்ததையும் இன்றைக்கு நடந்ததையும் ஒரே வார்த்தையால் சொன்னால், இன்றைக்கு ஓடிய ஓட்டமும் பொய்யாகத்தானே அவள் காதில் விழும்? இது ஒன்றையாவது பிள்ளை நம்ப வேண்டும் என்று நினைத்தார்.

"அன்னிக்கு உள்ளேதாம்மா இருந்தேன். தாழ்ப்பாளைப் போட்டது நான்தான். உன் வண்டிச் சத்தம் கேட்டுச்சு."

அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள்.

"அம்மா சொன்னதை நம்பித்தாம்பா இன்னிக்கு வந்தேன்" என்றாள்.

அப்புறம், வரிசை நகருது, வைக்கறேன் என்றாள். அம்மாகிட்ட கைப் பயிற்சியை நிறுத்த வேணாம்னு சொல்லுங்க என்றாள். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்றார்.